ஆக்சிஜன் சிலிண்டரில் கை வைக்கும் முன்: மீன்குஞ்சு பேக்கிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் கடல் ஆறு மாதிரி ஓடும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பெரும்பாலும் தென்கடலில் இருந்து வடகடலுக்கு ஓடும். வாடைக் காலத்தில் அப்படியே திரும்பி, வடக்கே இருந்து தெற்கே இறங்கும். இரண்டு பக்கமும் பெரிய கடல்தான். எந்தப் பக்கத்து மட்டம் அந்த நேரத்தில் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறதோ, அங்கிருந்து தாழ்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் பாய்கிறது. மட்டம் சமமாகும் வேளையில் ஓட்டம் தணியும். படகுக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் கடப்பார்கள்.

சிலிண்டரில் இருந்து வரும் வாயுவும் இப்படித்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது எத்தனை நேரம் வரும் என்பதை மட்டும் சொல்லும். இந்த நொடியில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை இரண்டு பக்க அழுத்தமும், நடுவில் இருக்கும் துளையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஹேச்சரியின், அதாவது மீன்குஞ்சு பொரிக்கும் இடத்தின், பேக்கிங் கொட்டகைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது ஒரே கேள்விதான்: ஒவ்வொரு இணைப்பிலும் நின்று, "இந்தப் பக்கம் எத்தனை கிலோ, அந்தப் பக்கம் எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். இங்கே கிலோ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் ஒரு கிலோ எடை அழுத்துவது. கொட்டகையில் எல்லோரும் வெறுமே கிலோ என்றுதான் சொல்வோம்.

மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2010-ல் கடல் விராலையும், 2011-ல் வெள்ளிப் பொம்பனோவையும் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது. அன்றிலிருந்து இந்தக் கரையில் மீன்குஞ்சு என்பது ஊர் விட்டு ஊர் போகும் சரக்காகவும் ஆகிவிட்டது. அந்தக் குஞ்சு வழியில் உயிரோடு இருப்பது பையில் நீங்கள் அடைக்கும் ஆக்சிஜனால்தான். அதனால் இந்த வேலையைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிலிண்டரைப் பார்க்கப் பழகுங்கள்

நம் கொட்டகைக்கு வருவது 7 கன மீட்டர் ஆக்சிஜன் பிடிக்கும் உயரமான கறுப்பு சிலிண்டர். மருத்துவமனைக்குப் போவதில் தோள் பகுதி மட்டும் வெள்ளையாக இருக்கும். கழுத்தில் பொறித்திருக்கும் எண்களைப் படியுங்கள். 5 ஆண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை செய்து தேதி அடித்திருக்க வேண்டும். நம் உப்புக் காற்றில் துரு ஏறும் வேகத்துக்கு இந்தத் தேதி ரொம்ப முக்கியம். தேதி தாண்டியிருந்தால் இறக்கவே விடாதீர்கள்.

நிற்க வைத்துச் சுவரோடு சங்கிலி போடுங்கள். காலியாக இருக்கும்போதே 50 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. சாய்ந்து விழுந்து வால்வு முறிந்தால், 150 கிலோ அழுத்தம் ஒரு விரல் அளவு துளை வழியாக வெளியேறும். சிலிண்டர் அப்போது ராக்கெட் மாதிரி பாயும். வால்வு மூடியைக் கழற்றாமல்தான் நகர்த்த வேண்டும், உருட்டக் கூடாது.

இன்னொன்று, நிழல். வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறும். காலையில் 27 டிகிரியில் அழுத்தம் காட்டும் கேஜ் 150 காட்டிய அதே சிலிண்டர், மதியம் 42 டிகிரிக்குச் சூடானால் 157 பக்கம் காட்டும். ஒரு லிட்டர்கூட யாரும் உள்ளே சேர்க்கவில்லை. கறுப்பு பெயின்ட் அடித்த இரும்பு கடற்கரை வெயிலில் எவ்வளவு சுடும் என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் மிச்சக் கணக்கைக் காலையிலேயே எழுதி வைப்பது நல்லது.

கையைக் கழுவுங்கள்

இதை ஒரு தனிப் படியாகவே வைத்திருக்கிறேன். நம் பிள்ளைகள் பலர் படகில் இருந்து நேராக வருகிறார்கள். கையில் டீசல், என்ஜின் கிரீஸ், மீன் எண்ணெய், தலையில் தேங்காய் எண்ணெய். இவையெல்லாம் சாதாரணக் காற்றில் சும்மா இருக்கும். அழுத்தமான ஆக்சிஜனில் தானாகவே தீப்பிடிக்கும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மறக்காது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடும் இல்லையா? காற்றைச் சட்டென்று நெருக்கினால் அது சூடாகும். சிலிண்டர் வால்வைப் படாரென்று திறந்தால், ரெகுலேட்டருக்குள் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) 1 கிலோவில் சும்மா இருந்த வாயு கண்ணிமைக்கும் நேரத்தில் 150 கிலோவுக்கு நெருக்கப்படும். வெப்பம் வெளியேற நேரமே இல்லாவிட்டால், கணக்குப்படி அதன் சூடு 900 டிகிரியைத் தாண்டும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் போதும், அது எரியத் தொடங்கிப் பித்தளையையும் சேர்த்து எரித்துவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, கையைச் சுத்தமான துணியில் துடைத்துவிட்டு வாருங்கள். ஸ்பேனரும் சாவியும் இந்த வேலைக்கென்றே தனியாக இருக்க வேண்டும். என்ஜின் பெட்டியில் கிடக்கும் ஸ்பேனரை எடுத்து வராதீர்கள்.

ஒரு ஊது ஊதிவிட்டு மாட்டுங்கள்

கச்சான் காலத்தில் மணல் எல்லா இடத்துக்கும் போகும். வால்வு வாயிலும் போயிருக்கும். ரெகுலேட்டரை மாட்டும் முன், வால்வு வாய்க்கு எதிரே யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, சாவியால் மிகக் கொஞ்சம் திறந்து உடனே மூடுங்கள். "ஸ்ஸ்" என்று ஒரு நொடி, அவ்வளவுதான். மணலும் உப்புத் தூளும் வெளியே போய்விடும். இதைச் செய்யாவிட்டால் அந்த மணல் ரெகுலேட்டரின் அடைப்பில் போய் உட்காரும். அதனால் வரும் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு ரெகுலேட்டரைக் கையால் திருகி, கடைசியில் ஸ்பேனரால் இறுக்குங்கள். திருகு ஏறவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். எரியும் வாயுக்களின் திருகு இடப்பக்கம் சுற்றும், ஆக்சிஜன் வலப்பக்கம் சுற்றும். ஒன்றை இன்னொன்றில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். உலோகமும் உலோகமும் பொருந்தி அடைக்கும் இணைப்பு இது. பிளம்பர் டேப் சுற்றாதீர்கள், கிரீஸ் தடவவே தடவாதீர்கள்.

திறக்கும் முன் திருகைத் தளர்த்துங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது இங்கேதான். தண்ணீர்க் குழாயை வலப்பக்கம் திருகினால் மூடும். ரெகுலேட்டர் திருகை வலப்பக்கம் திருகினால் அழுத்தம் ஏறும். நேர் எதிர்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் குழப்பம் இருக்காது. திருகுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு ரப்பர்த் தகடு, தகட்டோடு சேர்ந்து சிறு துளையைத் திறந்து மூடும் ஓர் அடைப்பு. திருகை உள்ளே முறுக்கினால் ஸ்பிரிங் தகட்டைத் தள்ளும், துளை திறக்கும், வாயு உள்ளே வரும். வந்த வாயு தகட்டைத் திருப்பித் தள்ளும். இரண்டும் சமமாகும் இடத்தில் அடைப்பு நின்றுகொள்ளும். நீங்கள் பையில் வாயுவை விட்டால் தகட்டின் அடியில் அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், துளை மறுபடி திறக்கும். யாரும் கை வைக்காமலே இது நடந்துகொண்டே இருக்கும்.

ரெகுலேட்டரே இல்லாமல் வால்வில் இருந்து நேராக எடுத்தால் என்ன? நிறைந்த சிலிண்டரில் பாய்கிற வேகம், பாதி தீர்ந்ததும் பாதியாகிவிடும். காலையில் ஒரு பை நிரம்பும் வேகமும் மாலையில் நிரம்பும் வேகமும் வேறு வேறாக இருக்கும். 150 கிலோவை ஒரு பிளாஸ்டிக் டியூபிலும் காட்ட முடியாது. ரெகுலேட்டரின் வேலை, பின்னால் 150 இருந்தாலும் 30 இருந்தாலும், முன்னால் நாம் வைத்த 2 கிலோவை அப்படியே வைத்திருப்பது.

ஆகவே, திருகை இடப்பக்கம் சுற்றி, கையில் லொடலொடவென்று ஆடும் வரை தளர்த்திவிடுங்கள். இப்போது சிலிண்டர் வால்வைத் திறக்கலாம். கேஜ் கண்ணாடிக்கு நேர் முன்னால் நிற்காமல், சாவியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். பெரிய கேஜில் முள் மெதுவாக ஏறும். நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் திறங்கள். முள் துள்ளிக் குதித்து ஏறினால் நீங்கள் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு முள்ளும் சொல்வது என்ன

ரெகுலேட்டரில் இரண்டு கேஜ். சிலிண்டர் பக்கம் இருப்பது பெரிய எண்களோடு, டியூப் பக்கம் இருப்பது சின்ன எண்களோடு.

முதலில் ஒரு விஷயம். கேஜ் பூஜ்யம் காட்டினால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று பொருள் இல்லை. கடற்கரையில் நம்மைச் சுற்றி இருக்கும் காற்றே 1 கிலோ அழுத்துகிறது. கேஜ் அதற்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான் காட்டும். கேஜில் 2 என்றால் உண்மையில் 3. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும்: மேலே இருக்கும்போதே 1 கிலோ, பத்து மீட்டர் இறங்கினால் தண்ணீர் இன்னொரு கிலோவைச் சேர்க்கும்.

இப்போது பெரிய கேஜ். நம் சிலிண்டருக்குள் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 47 லிட்டர் பிடிக்கும். ஆக்சிஜன் இந்த அழுத்தத்தில் திரவமாகாது, வாயுவாகவே இருக்கும். அதனால் முள் காட்டும் எண்ணை 47-ஆல் பெருக்கினால், வெளியே வரக்கூடிய ஆக்சிஜன் லிட்டரில் கிடைக்கும். 150 என்றால் ஏறக்குறைய 7,000 லிட்டர். 40 என்றால் 1,880 லிட்டர்.

ஒரு மாலை, புதிதாக வந்த தம்பி கேட்டான்: "அண்ணே, முள்ளு நாப்பதுல நிக்குது. நூத்தம்பது பை வருமா?" நல்ல கேள்வி. நாங்கள் கட்டும் பையில் 6 லிட்டர் கடல்நீர், 12 லிட்டர் ஆக்சிஜன். 1,880-ஐ 12-ஆல் வகுத்தால் 156. வந்துவிடும் போலத்தான் தெரியும். ஆனால் கடைசி 5 கிலோவை நான் கணக்கில் எடுப்பதில்லை, காரணம் பின்னால் வருகிறது. மிச்சம் 35, அதாவது 1,645 லிட்டர், 137 பை. பைக்குப் பை டியூபை மாற்றும்போது காற்றோடு போவது பத்தில் ஒரு பங்காவது இருக்கும். ஆக 120 பை என்று வைத்துக்கொண்டு இரண்டாவது சிலிண்டரை இழுத்து வைக்கச் சொன்னேன். குஞ்சைத் தண்ணீரில் எண்ணிப் போட்ட பிறகு ஆக்சிஜன் இல்லை என்று கையைப் பிசைவதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டு கேஸ் சிலிண்டர் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அதில் இருப்பது திரவம். திரவம் இருக்கும் வரை மேலே உள்ள ஆவியின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்து ஒரே இடத்தில் நிற்கும், 14.2 கிலோ எரிவாயு இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரியும். அதனால்தான் அதைத் தூக்கிப் பார்த்து அறிகிறோம். ஆக்சிஜனுக்கு முள்ளே போதும்.

2 கிலோ வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள்

டியூப் முனையில் இருக்கும் சின்ன வால்வை மூடிவிட்டு, ரெகுலேட்டர் திருகை வலப்பக்கம் மெல்லச் சுற்றி, சின்ன கேஜில் 2 வரும் வரை ஏற்றுங்கள். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள்.

முள் தானாக 2.5, 3 என்று ஊர்ந்து ஏறினால், உள்ளே அடைப்பு சரியாக மூடவில்லை. மணல் அல்லது உப்பு உட்கார்ந்திருக்கிறது. இரவு முழுக்க அப்படியே விட்டால் டியூப் பிய்த்துக்கொள்ளும். அந்த ரெகுலேட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களே பிரிக்காதீர்கள்.

முள் நின்றுவிட்டால், அடுத்து சிலிண்டர் வால்வை மூடி பெரிய கேஜைக் கவனியுங்கள். இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரையை இணைப்புகளில் வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கசியும் இடத்தை அழுத்தத்தோடு இறுக்காதீர்கள், வாயுவை வெளியேற்றிவிட்டு இறுக்குங்கள்.

பை

இனிதான் உண்மையான வேலை. பையில் தண்ணீர், குஞ்சு போட்டதும், மேலே இருக்கும் காற்றை இரண்டு கையாலும் தடவி முழுதாக வெளியே தள்ளுங்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். 28 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். மேலே சுத்த ஆக்சிஜன் நின்றால் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு வரை போகலாம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவதும் அழுத்த வித்தியாசத்தால்தான், ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம் மேலே கூடுதல், தண்ணீரில் குறைவு. பழைய காற்றைப் பாதி விட்டுவைத்தால் அந்த வித்தியாசத்தை நீங்களே குறைத்துவிடுகிறீர்கள்.

டியூபை உள்ளே விட்டு, பையின் கழுத்தை விரல்களால் பிடித்துக்கொண்டு, சின்ன வால்வைத் திறங்கள். பை மேலெழும். இப்போது கையில் இருப்பதைக் கவனியுங்கள்: பை தொளதொளவென்று இருக்கும்போதும், விறைத்துக்கொண்டு நிற்கும்போதும் வாயு வரும் வேகம் மாறுவதே இல்லை. பலூன் ஊதும்போது முட்டும், கன்னம் வலிக்கும். இங்கே முட்டாது. ஏன்?

ஒரு சின்ன துளைக்கு முன்னால் இருக்கும் அழுத்தம், பின்னால் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டினால், ஆக்சிஜன் அந்தத் துளையில் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. "இங்கே அழுத்தம் கூடுகிறது" என்ற சேதி வாயுவுக்குள் ஒலியின் வேகத்தில்தான் போக முடியும். எதிரே அதே வேகத்தில் வாயு வந்துகொண்டிருக்கும்போது அந்தச் சேதி துளையைத் தாண்டி மேலே ஏற வழியில்லை. நாம் வைத்த 2 கிலோ உண்மையில் 3. பைக்குள் 1. மூன்று மடங்கு. எனவே பை நிறைகிறதா இல்லையா என்பது வால்வுக்குத் தெரியவே தெரியாது. பையின் தோல் தாங்குவதோ ஒரு கிலோவில் நூறில் சில பங்குதான். பை கிழியும் வரை அதே வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த வேண்டியது உங்கள் கை.

இதில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. வேகம் மாறாததால் எண்ணிக்கை வைத்துக் கட்டலாம். சின்ன வால்வை ஒரு நிலையில் வைத்து, முதல் பையை நிதானமாக நிரப்பி எண்ணுங்கள். எங்கள் வால்வில் எட்டு எண்ணினால் 12 லிட்டர். பிறகு எல்லாப் பைக்கும் எட்டுதான். நூறு பையும் ஒரே மாதிரி நிற்கும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எடுத்ததும் எழ வேண்டும். குழியே விழாத அளவு கல்லாக இருந்தால் அதிகம். கழுத்தை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்டை இறுக்கச் சுற்றுங்கள்.

நான் முன்னால் சொன்ன அந்த 5 கிலோவின் கதை இதுதான். ஒரு நாள் ராத்திரி பேக்கிங்கில் கடைசிப் பத்துப் பை தொய்ந்து நின்றன. "அண்ணே, இந்தக் கட்டுப் பை எல்லாம் ஓட்டை" என்றான் பையன். பையில் ஓட்டை இல்லை. பெரிய முள் 2-க்கும் கீழே போய்விட்டிருந்தது. சிலிண்டரில் இருப்பதே 2-க்குக் குறைவு என்றால் ரெகுலேட்டர் எங்கிருந்து 2 கொடுக்கும்? அடைப்பு முழுதாகத் திறந்தே கிடக்கும், சின்ன முள்ளும் பெரிய முள்ளோடு சேர்ந்து இறங்கும். அப்போது எட்டு எண்ணினால் 12 லிட்டர் வராது. எண்ணிக்கை உண்மையாக இருப்பது சின்ன முள் அசையாமல் நிற்கும் வரைதான். ஒவ்வொரு இருபது பைக்கும் ஒரு முறை தலையைத் திருப்பி அதைப் பாருங்கள்.

லாரியில் தொட்டி வைத்து அனுப்பும்போது

கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளைப் பையில் கட்ட முடியாது. தொட்டிகளில் விட்டு, அடியில் காற்றுக்கல் போட்டு, ஆக்சிஜனைக் குமிழியாக விட்டுக்கொண்டே போவோம். இதில் நான் ஒரு முறை பட்டது இன்னும் மனதில் இருக்கிறது.

லாரியில் இரண்டு தொட்டி. ஒன்றில் தண்ணீர் ஒரு மீட்டர் ஆழம், இன்னொன்றில் 60 சென்டிமீட்டர். ஒரே டியூபை இரண்டாகப் பிரித்து இரண்டு கல்லுக்கும் கொடுத்திருந்தேன். பிரிவுக்கு முன்னால் ஒரே ஒரு வால்வு. கிளம்பும்போது இரண்டிலும் குமிழி வந்தது. ஆக்சிஜன் வீணாகிறதே என்று வழியில் வால்வைக் கொஞ்சம் குறைத்தேன். தொண்டி தாண்டி டீக்கு நிறுத்திவிட்டுப் பார்த்தால், ஆழமான தொட்டியில் குமிழியே இல்லை. குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஆழம் குறைந்த தொட்டி மட்டும் கொதிக்கிற மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவோ காப்பாற்றினோம், ஆனால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை.

கணக்கு இதுதான். ஒரு மீட்டர் தண்ணீர் 0.1 கிலோ எதிர்த்து நிற்கும். 60 சென்டிமீட்டர் 0.06 நிற்கும். வால்வைக் குறைத்ததும் பிரிவில் இருந்த அழுத்தம் 0.09 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் 0.03 மிச்சம், வாயு ஓடும். இன்னொரு பக்கம் 0.1-ஐத் தாண்டவே முடியாது, ஒரு குமிழிகூட வராது. வாயு எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்தப் பக்கமே முழுதாகப் போய்விடும்.

செய்ய வேண்டியது: பிரிவு வரை 2 கிலோவை அப்படியே கொண்டுவாருங்கள். பிரிவுக்குப் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனிச் சின்ன வால்வு வையுங்கள். இப்போது ஒரு வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 1.90, மற்றதற்கு 1.94. ஆழ வித்தியாசம் அதில் கரைந்துபோகும். லாரி குலுங்கினாலும், ஒரு தொட்டியில் தண்ணீர் தளும்பினாலும் இரண்டுக்கும் சரியாகப் போகும். அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் இப்படித் தவிர வேறு மாதிரி கட்டியதில்லை.

எத்தனை மணி நேரம் வரும் என்பதையும் கிளம்பும் முன் போட்டுவிடுங்கள். எல்லாக் கல்லுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால், நிறைந்த சிலிண்டர் 7,000-ஐ 5-ஆல் வகுக்க 1,400 நிமிடம், 23 மணி நேரத்துக்கு மேல். முள் 75-ல் இருந்தால் அதில் பாதி. பயணம் 12 மணி நேரம் என்றால் பாதி சிலிண்டரோடு கிளம்பாதீர்கள். வழியில் டயர் பஞ்சரானால் குஞ்சு காத்திருக்காது.

மலை ஏறும் லோடு

குமுளி வழியாகக் கேரளா போகும் பைகளைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டுங்கள். குமுளி கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே இருப்பது மாறவில்லை, வெளியே தாங்கிப் பிடித்தது குறைந்துவிட்டது. 12 லிட்டர் ஆக்சிஜன் அங்கே 13.3 லிட்டர் இடம் கேட்கும். மண்டபத்தில் கல்லாகக் கட்டிய பை மலையில் வெடிக்கும். எட்டுக்குப் பதில் ஏழு எண்ணுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பை நாம் கட்டியதைவிடத் தளர்ந்து இருக்கிறது என்று போன் வந்தால் பயப்பட வேண்டாம். மீன் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, அது விடும் கரியமில வாயுவில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கழுத்து ஈரமாக, ரப்பர் பேண்ட் வழுக்கியிருந்தால்தான் கசிவு.

வேலை முடிந்ததும்

சிலிண்டர் வால்வை மூடுங்கள். டியூபைத் திறந்து உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்றுங்கள், இரண்டு முள்ளும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிறகு திருகை லொடலொடவென்று தளர்த்துங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் உறையால் மூடி வையுங்கள், கொட்டகை ஆணியில் திறந்தபடி தொங்கவிடாதீர்கள். இங்கே ஒரே வாரத்தில் உள்ளே உப்புப் பூத்துவிடும்.

தீர்ந்த சிலிண்டரை வால்வு திறந்தபடி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளேயும் வெளியேயும் சமமாகிவிட்டால் ஓட்டம் நின்றது என்று நினைக்கிறார்கள். பகலில் வெயிலில் சிலிண்டர் சூடானால் உள்ளே இருப்பது விரிந்து கொஞ்சம் வெளியே போகும். இரவில் குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, நம் கடற்கரையின் ஈர உப்புக் காற்றை அது உள்ளே இழுக்கும். நான்கு நாள் இப்படி மூச்சுவிட்டால் உள்சுவரில் துரு பிடிக்கும். அதனால் முள் 2, 3 கிலோவில் இருக்கும்போதே நிறுத்தி, வால்வை இறுக மூடி, மூடியைப் போட்டு, சாக்பீஸால் "காலி" என்று பெரிதாக எழுதி, நிறைந்த சிலிண்டர்கள் நிற்கும் பக்கம் சேர்க்காமல் தனியாகச் சங்கிலி போட்டு வையுங்கள்.